கறுத்த கிணற்றின் வக்கீல்

அந்த டீச்சருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. சொம்பை நீட்டினால் மற்றவர்கள் வாங்கிக் குடிப்பார்கள். அவர் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். தோள்பையிலிருந்து தன் கண்ணாடி டம்ளரை எடுத்து அதில் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். சாய்த்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். பிறகு, "எந்தக் கெணறு? மூடி கீதா? பக்கத்துல மாட்டுக் கொட்டாய் கீதா?" என்று கேள்விகள் வரும். பதில் பிடித்தால் குடிப்பார். பிடிக்காவிட்டால் டம்ளரைப் பூச்செடியில் கவிழ்த்துவிட்டு, "அப்பால பார்ப்போம்" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் இப்படிச் செய்தபோது, பெண்ணின் அப்பா ஏதோ குறை வந்துவிட்டதென்று பயந்து கைகூப்பிக்கொண்டு ஓடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் ஜவ்வாது மலையில் கூட்டுறவுச் சங்கத்து எழுத்தராக இருந்தேன். மலைக்காரர்கள் கொண்டுவரும் புளி, கடுக்காய், தேன், சீயக்காய் எல்லாவற்றையும் எடை போட்டு வாங்குவது சங்கத்தின் வேலை. மூட்டைகளை எண்ணுவது என் வேலை. இன்றுவரை எதைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. டீச்சர் அங்கிருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊர் கண்ணமங்கலம் பக்கம். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், முழங்கைவரை ரவிக்கை, கையில் ஒரு கம்பிக்கூடை. கூடையில் ஆறு குப்பிகள், ஆறும் டானிக் வந்த பாட்டில்கள்தான். குரல் மட்டும் தெருவின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் இருப்பவர் பதில் சொல்கிற குரல்.

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதே டம்ளரைச் செடியில் கவிழ்த்தார். என் மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இன்னா டீச்சர், எங்க வூட்டுத் தண்ணி இன்னா வெசமா?"

"வெசம்னு சொல்லலம்மா. எனக்குத் தெரியலன்னு சொல்றேன். தெரியாதவன் கையப் புடிச்சிகினு நீ ரோட்டுல நடப்பியா?"

"நாங்க குட்ச்சிகினுதானே கீறோம். செத்தா பூட்டோம்?"

"கொழந்தைங்களுக்கு வயித்தால போறது எத்தினி தபாம்மா இந்த வருசத்துல?"

"ஏழு" என்றேன் நான். கேட்டால் சொல்லாமல் இருக்க வராது எனக்கு. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்று ராத்திரி சோற்றை நானே போட்டுக்கொண்டேன்.

டீச்சர் கூடையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். உள்ளே மடித்த காகிதம் ஒன்று இருந்தது. வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவருடைய அக்கா, மருந்தில் நனைத்துக் காயவைத்த அந்தக் காகிதங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். குப்பியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒரு நாள் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். மலம், சாணம் கலந்த தண்ணீராக இருந்தால் கறுத்துப்போகும். இல்லாவிட்டால் நிறம் மாறாது. இதில் சிக்கல் என்னவென்றால், மார்கழிக் குளிரில் மலையில் கதகதப்பான இடமே கிடையாது. டீச்சர் அதற்கும் வழி வைத்திருந்தார். குப்பியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். அதோடு பாடம் நடத்துவார், சந்தைக்குப் போவார், தூங்குவார்.

எங்கள் குப்பியோடு அவர் ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் சும்மா விடவில்லை.

"இன்னா டீச்சர், அடை காக்கறீங்களா?"

"ஆமாண்டா தம்பி. குஞ்சு பொரிச்சா மொதல்ல உன் வூட்டுக்குத்தான். உன் வூட்டுக் கெணத்தைத்தான் அடுத்து பார்க்கப் போறேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தெருக்கோடியிலிருந்தே சத்தம் கேட்டது. "கறுத்துட்ச்சி! சார், உங்க கெணறு கறுத்துட்ச்சி!" பந்தயத்தில் ஜெயித்தவன் கோப்பையைத் தூக்குவதுபோலக் குப்பியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு டீச்சர் வருகிறார். தெருவில் உள்ள பதினோரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. என் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குத் தலை போகிற அவமானம். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கெட்ட தண்ணீர் கிடைத்ததில் சந்தோஷம் இல்லை, அது பிடிபட்டதில்தான். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த காவல்காரர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

அதோடு விடவில்லை. துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு வாளியில் கரைத்து, கிணற்றடியில் நாங்கள் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி ஊற்றினார். "இப்ப எறைங்க, எறைச்சிகினே இருங்க" என்றார். இறைக்க இறைக்க, முதலில் வெள்ளையாக வந்த தண்ணீர் மெல்ல நீலமாக வந்தது. கல்லுக்குக் கீழே வெடிப்பு இருந்திருக்கிறது. கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே போயிருக்கிறது. நாங்கள் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். துவைக்கிற கல்லைத் தள்ளிப் போட்டோம். பிளீச்சிங் பவுடர் போட்டு இறைத்தோம். மறுபடி வைத்த குப்பி கறுக்கவில்லை. "நல்ல தண்ணி ஆயிட்ச்சா டீச்சர்?" என்று என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"நல்ல தண்ணின்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன். இன்னிக்கி இதுமேல குத்தமில்ல. அவ்ளோதான்."

அதுதான் அவருடைய தீர்ப்பு வாசகம். யார் வீட்டுக் கிணறாக இருந்தாலும் இதற்கு மேல் ஒரு சொல் வராது. ஏன் என்று கேட்டதற்கு, "தண்ணி நேத்து சொன்ன சாட்சி நாளைக்குச் செல்லாது சார். தண்ணிக்கு வாய் கெடையாது. அதுக்கு நான்தான் வக்கீலு" என்றார்.

வக்கீல் என்றால் சும்மா இல்லை. கண்ணமங்கலத்தில் அவருடைய சித்தப்பா மகன் வீட்டு விசேஷத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தம்பிக்குப் பருப்பு மசிய வேண்டும். அவன் வீட்டில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் முழுசு முழுசாக மிதக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டை. அன்றைக்கும் பந்தியில் எல்லார் எதிரிலும், "பருப்பு வேகவைக்கத் தெரியாதவளை என் தலையில கட்டிட்டாங்க" என்றான். அந்தப் பெண் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

டீச்சர் எழுந்து கைகழுவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஒரு குப்பியில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் தெருக்குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டு, தம்பி கையில் ஒன்று, தான் ஒன்று. "குலுக்குடா." குழாய்த் தண்ணீர் வாய்வரை நுரைத்துப் பொங்கியது. அவன் குலுக்கிய கிணற்றுத் தண்ணீர் திரிந்த பால் மாதிரித் திட்டுத் திட்டாக நின்றது.

"பார்த்தியா? உப்புங் கல்லுமா கீது இந்தத் தண்ணி. இதுல பருப்பு மட்டும் இல்ல, உன்னைப் போட்டு வேகவெச்சாலும் வேகமாட்டே. உன் பொண்டாட்டி கைமேல குத்தமில்ல, கெணத்துமேலதான் குத்தம். கேளு மன்னிப்பு."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"எல்லாரும் பாக்கறப்பத்தானே நீ திட்டினே?"

அவன் கேட்டான். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் கவலைப்பட்டேன். சிரிப்புத்தான் என்று சத்தத்தில் தெரிந்தது. அன்று மாலை குழாய்த் தண்ணீரில் வெந்த பருப்பு வெண்ணெயாக மசிந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவருடைய ஒரு கோணலையும் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் தண்ணீரைத்தான் கேட்பார், மனிதர்களைக் கேட்கமாட்டார். வீட்டுக்காரர்கள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கையமர்த்திவிடுவார். நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அவங்க சொல்றதையும் கொஞ்சம் கேக்கலாமே டீச்சர்." அதற்கு அவர், "மனுசன் மாத்திப் பேசுவான் சார். தண்ணி பேசாது" என்றார். வெள்ளையன் கிணற்றில் இந்தக் கோணல்தான் அவரைப் படுத்தியது.

வெள்ளையனும் அவன் மனைவி குப்பம்மாளும் ஒரு மலைச்சரிவில் சாமை, கேழ்வரகு போட்டுப் பிழைத்தவர்கள். அவர்கள் வீட்டிலிருந்து ஓடைக்கு இறங்கி ஏறுவதற்குள் குடம் தூக்குகிறவளுக்கு மூச்சு நின்றுவிடும். குப்பம்மாளுக்கு ஏற்கெனவே ஒரு குறைப்பிரசவம் ஆகியிருந்தது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் கோடை முழுக்கத் தாங்களே பாறையும் மண்ணும் வெட்டி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு தோண்டினார்கள். வைகாசியில் தண்ணீர் கண்டது. கண்ட கொஞ்ச நாளில் அது கறுத்துப்போனது. சாதாரணக் கலங்கல் இல்லை, மையைக் கரைத்துவிட்டாற்போலக் கறுப்பு. அதில் பொங்கிய சாமைச்சோறு சாம்பல் நிறத்தில் வந்தது. அலசிய வேட்டி வெளுக்கவே இல்லை.

கிணறு வெட்டிய இடத்துக்கு மேலே காளியாத்தா பாறை ஒன்று உண்டு. ஆத்தாளுக்குக் கோபம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஆடியில் ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றும் வெள்ளிக்கு முன்னால் கிணற்றைக் கல் போட்டு மூடிவிட வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். மூடினால் மறுபடி ஓடைதான். குப்பம்மாள் அப்போது மறுபடி மூன்று மாதம்.

சங்கத்துக்குச் சீயக்காய் கொண்டுவந்தபோது அவள் என்னிடம் இதைச் சொல்லி அழுதாள். தேன் வாங்க வந்திருந்த டீச்சர் காதில் "கறுப்பு" என்ற சொல் விழுந்தது. தேன் பாட்டிலை என் மேசைமேல் வைத்துவிட்டு, "எங்கே கீது உன் கெணறு?" என்று கிளம்பிவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு. வழியெல்லாம் அட்டை, என் காலில் மட்டும் ஒன்பது.

கிணற்றைப் பார்த்ததும் முதன்முறையாக அவர் முகம் சுருங்கியது. காகிதம் போட்ட குப்பியை எடுத்தார், திரும்ப வைத்தார். "கறுப்புத் தண்ணியில கறுப்பை எங்கே சார் தேடறது?" என்றார். முகர்ந்து பார்த்தார், நாற்றம் இல்லை. அப்படியும், "ஏதோ செத்துக் கெடக்குது உள்ள. முழுக்க எறைங்க" என்று உத்தரவு போட்டார். குப்பம்மாள், "டீச்சரம்மா, மொதல்ல தண்ணி வந்தப்ப" என்று ஆரம்பித்தாள். டீச்சர் கையமர்த்தினார்.

வெள்ளையனும் அவன் மச்சான்களும் இறைத்தார்கள். அடியில் செத்தது எதுவும் இல்லை. ஊறித் தடித்த மரத்துண்டுகள்தான் இருந்தன, அவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டுக் கிணற்றைக் கழுவினார்கள். புதிதாக ஊறிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. டீச்சர் குப்பியில் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, மலை எதிரொலிக்க, "இன்னிக்கி இதுமேல குத்தமில்ல!" என்று கூவினார். குப்பம்மாள் அவர் காலில் விழப் போனாள்.

அந்த வாரம் முடிவதற்குள் கிணறு மறுபடி கறுத்தது. முன்னைவிட அதிகமாக.

ஊர்க்கவுண்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னபடி ஒரு தபா கழுவியாச்சு. ஆத்தா மறுபடி கறுக்க வெச்சிட்டா. இதுக்கு மேல நான் தடுத்தா ஊரு என்னைக் கேக்கும். வியாழக்கெழம கல்லு போடறோம்."

டீச்சர் கம்பிக்கூடையைத் தூக்கி அலமாரிக்கு மேல் வைத்தார். அன்றிலிருந்து அது அங்கேயே கிடந்தது. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன் நான். இது கவலைப்பட வேண்டிய விஷயமாகவும் இருந்துவிட்டது.

புதன்கிழமை மழை. சங்கத்துக் கூரை ஒழுகி இரண்டு கடுக்காய் மூட்டைகள் நனைந்துவிட்டன. நான் அவற்றைப் பிரித்து உலர்த்திக்கொண்டு, நடுவில் கிடந்த இரும்பு எடைக்கற்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாங்கிப்போக மறந்த தேனுக்காக டீச்சர் வந்தார். நான் பாட்டிலை நீட்டினேன். அவர் பாட்டிலை வாங்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது கையெல்லாம்?"

"கடுக்காய் டீச்சர். ஈரக் கடுக்காய் இரும்புல பட்டா இப்படித்தான் கறுக்கும். ரெண்டு மூணு நாளைக்குப் போவாது."

அவர் என் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே பட்டென்று அடித்துக்கொண்டார். "மை! சார், இது மை! அந்தக் காலத்துல இப்படித்தானே எழுதற மை காய்ச்சினாங்க! வருசா வருசம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேனே சார், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா கறுப்புன்னு!" எங்கள் காவல்காரனும் எடை போடுகிறவனும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அந்தக் கெணத்துல கறுப்பு எதுவும் விழவே இல்ல. உள்ளயே உண்டாவுது. துவர்ப்பு எங்கேர்ந்து வருது? நடங்க சார்!"

மழையோடு நடந்தோம். அட்டைகளை எண்ணக்கூட நேரம் கொடுக்கவில்லை அவர். குப்பம்மாள் வீட்டு வாசலில் நின்று, என் காதால் கேட்டு நான் நம்பாத ஒரு காரியத்தைச் செய்தார். மனிதரைப் பார்த்துக் கேள்வி கேட்டார்.

"ஏம்மா, மொதல்ல தண்ணி வந்தப்ப எப்படி இருந்துச்சு? சொல்லு. முழுசாச் சொல்லு. நான் குறுக்க பேசல."

"வெள்ளையாத்தான் இருந்துச்சு டீச்சரம்மா. கொடத்துல வெச்சா மறுநாளு செவப்பா வண்டல் படியும். மேல எண்ணெ மாதிரி ஏடு கட்டும். வாயில வெச்சா அருவாள நக்கினாப்ல இருக்கும்."

"இரும்பு!" என்று டீச்சர் என்னைப் பார்த்துக் கூவிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "சொல்லு, சொல்லு."

"மாமனாரு சொன்னாரு, புதுக் கெணத்துத் தண்ணி வாய்க்கு நல்லா இல்லன்னா நெல்லிக்கட்ட போடணும்னு. எங்க ஆளுங்க வழக்கம் அது. நெல்லிய வெட்டிப் போட்டோம். அப்பால தண்ணி லேசா கறுத்துச்சு. கட்ட பத்தலன்னு இன்னும் போட்டோம். இன்னும் கறுத்துச்சு. நீங்க கழுவச் சொன்னீங்களே, கழுவினப்பறம் புதுசா பச்ச நெல்லியா, பட்டையோட, நெறைய போட்டோம். நல்லதுதானேன்னு."

"இத ஏம்மா எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"நீங்க எங்கே டீச்சரம்மா கேட்டீங்கோ? வாயத் தொறந்தா கைய இல்ல காட்டினீங்கோ!"

டீச்சர் தன் கையைத் தானே திருப்பிப் பார்த்தார். பிறகு மழையில் நனைந்துகொண்டே சிரிக்க ஆரம்பித்தார். குப்பம்மாளும் சிரித்தாள். நோய்க்கு மருந்து கொடுத்து, மருந்தால் நோய் ஏறி, ஏறிய நோய்க்கு மேலும் மருந்து கொடுத்த கதை. உள்ளே கயிற்றுக் கட்டிலில் இருந்த மாமனாருக்குத்தான் முகம் செத்துவிட்டது. டீச்சர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பெரியவரே, நெல்லிமேல குத்தமில்ல. உங்கமேலயும் இல்ல. வேற கெணறா இருந்தா தண்ணி தேனா ஆயிருக்கும். இந்தக் கெணத்துப் பாறையில இரும்பு கீது. இரும்புக்கும் நெல்லிக்கும் ஆவாது, அவ்ளோதான்."

வியாழக்கிழமை காலையில் நாங்கள் போனபோது ஊர் கூடிவிட்டது. ஆண்கள் சரிவிலிருந்து கல் சுமந்து வந்து கிணற்றடியில் குவித்திருந்தார்கள். நான் எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். குப்பம்மாள் கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"கவுண்டரே, கல்லு போடறதுக்கு முன்னால ரெண்டு டம்ளர் தண்ணி பார்க்கணும்" என்றார் டீச்சர்.

"உங்க குப்பி வித்தைய மறுபடியுமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சிரிப்பு எழுந்தது.

"என் குப்பி வேணாம். என் கையே வேணாம். எல்லாம் கவுண்டரு கையாலதான்."

வெள்ளையன் கயிறு பிடித்துக் கிணற்றில் இறங்கினான். தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீருக்கு மேலே, பாறை வெடிப்பில் கசிந்துகொண்டிருந்த ஊற்றிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து ஏறி வந்தான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தெளிவான தண்ணீர். இன்னொரு டம்ளரில் கவுண்டர் வீட்டுக் கிணற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். அதுவும் தெளிவு. எது எது என்று பிரித்தறிய முடியாது. டீச்சர் ஒரு நெல்லிக்கிளையையும் கத்தியையும் கவுண்டரிடம் கொடுத்தார்.

"பட்டையச் சீவுங்க. நல்லா நசுக்கி ரெண்டுலயும் போடுங்க. கலக்குங்க."

கவுண்டர் சந்தேகத்தோடு சீவினார். தன் கிணற்றுத் தண்ணீரில் முதலில் போட்டார். அது வெளுத்த தேநீர் நிறத்தோடு நின்றது. பிறகு குப்பம்மாளின் தண்ணீரில் போட்டுக் குச்சியால் கலக்கினார். கலக்கும்போதே ஊதாவாக ஒரு புகை கீழிருந்து எழும்பியது. கூட்டம் நெருங்கியது. ஊதா அடர்ந்து நீலமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளருக்குள் கறுத்தது. கவுண்டர் குச்சியை வெளியே எடுத்தார். அதன் நுனியும் கறுப்பு, அவர் விரலும் கறுப்பு.

கவுண்டர் கையிலிருந்த டம்ளரையும், கிணற்றையும், மேலே பாறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இதை ஆத்தா கறுக்க வெக்கல?"

"இல்ல கவுண்டரே. இப்ப கறுக்க வெச்சது யாரு? நீங்கதானே?"

முதலில் சிரித்தது ஒரு கிழவி. பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது. கவுண்டரும் சிரித்துவிட்டார். "ஏய், சிரிச்சது போதும், எறங்கி நெல்லிக்கட்டைய எடுங்கடா" என்றார். டீச்சர் இரண்டு கைகளையும் தூக்கி எதிர்மலைவரை கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டார். பள்ளிக்கூட டீச்சர் போடுகிற கூச்சல் அல்ல அது. எதிர்ச்சரிவில் மாடு மேய்த்தவன் என்னவோ ஏதோ என்று பதிலுக்குக் கூவினான்.

கட்டைகள் வெளியே வந்தன. தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். மூன்று குடங்களை அடுக்கி, மேல்குடத்தில் மணலும் நடுக்குடத்தில் கரித்துண்டும் நிரப்பி, இரும்பு படிந்து தங்க எப்படி வடிகட்ட வேண்டும் என்று டீச்சர் குப்பம்மாளுக்குச் செய்து காட்டினார். "மேலேர்ந்து தூக்கி ஊத்து. காத்துல பட்டுச் செவப்பாப் படியட்டும். ராத்திரி பூரா தெளியட்டும். காத்தால அடிக்கொடத்துத் தண்ணிய எடு."

பிறகுதான் அந்தக் கற்குவியலைப் பற்றிய பேச்சு வந்தது. கல் சுமந்த ஆட்களில் ஒருவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "தூக்கினு வந்தது வந்ததுதான். மறுபடி கீழ யாரு தூக்கினு போறது?" என்றான். வெள்ளையன் ஒரு கல்லைப் புரட்டிக் கிணற்றின் விளிம்பில் வைத்தான். அடுத்தவன் இன்னொன்றை வைத்தான். டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் குழைக்க இறங்கிவிட்டார். என்னால் கல் தூக்க முடியாது. கோணல் இல்லாமல் வருகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிணற்றை மூட வந்த கற்கள் எல்லாம் சாயங்காலத்துக்குள் அதன் கைப்பிடிச் சுவராக எழுந்து நின்றன.

கவுண்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். நாலு பேர் கேட்கும்படி, "நாளைக்கி ஆத்தாளுக்குக் கூழு இந்தக் கெணத்துத் தண்ணியிலதான். குப்பம்மா, இப்பவே ஒரு அண்டா எறைச்சிக் குடு" என்றார்.

குப்பம்மாள் தாம்புக்கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"இப்பக் குடுக்க மாட்டேன் கவுண்டரே. ராத்திரி பூரா தெளியணும். காத்தால வாங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன்."